டாக்டர் வான்டைக் கார்ட்டரும் மதுரைக்கால் நோயும்

போளூரிலும் ஆரணியிலும் வாழ்வோருக்குக் காலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பட்டு நெய்வோர் பள்ளத்தறியின் குழியில் காலிரண்டையும் இறக்கி, மிதிகட்டைகளை மாறிமாறி மிதித்தாலன்றிப் பாவு விரியாது, நாடாவும் ஓடாது. மணிலாக் கொல்லையில் களையெடுப்போரும், கழனிச் சேற்றில் நாற்று நடுவோரும் பெரும்பாலும் வெறுங்காலினர். இத்தகையோர்க்கு ஒரு கால் போயிற்றெனின் குடும்பத்தின் சோறே போயிற்று. அங்ஙனம் காலைத் தின்னும் நோய்களுள் ஒன்று நம் தமிழ்நாட்டு மதுரையின் பெயரைத் தாங்கி உலக மருத்துவ நூல்களிலெல்லாம் வழங்கி வருகின்றது. மதுரைக்கால் என்பது அதன் பெயர். அந்நோயின் உண்மையை முதன்முதல் தெளிவுற வகுத்துக் காட்டிய ஒருவரது வாழ்க்கையை நாம் இங்கே சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

நோயின் இயல்பை முதற்கண் அறிந்து கொள்வது நலம். காலில் ஒரு முள் தைக்கின்றது. தைத்தவர் அதனைப் பிடுங்கி எறிந்து மறந்து விடுகின்றார். திங்கள் பல கழிந்த பின் அவ்விடத்தில் ஒரு சிறு கட்டி தோன்றுகின்றது. வலி அதிகமில்லை; ஆதலின் அவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதம் பருத்துத் தடித்துப் பல வாய்கள் திறந்து புரையோடுகின்றது. அவ்வாய்களினின்று வடியும் சீழில் கசகசா விதை போலவும், சில வேளை கடுகு போலவும் சிறு மணிகள் காணப்படும். சிலரிடத்தில் அவை கரியவை, சிலரிடத்தில் வெளியவை, அருமையாகச் சிலரிடத்தில் சிவந்தவை. முடிவில் எலும்பும் அரிக்கப்பட்டுக் கால் பயனற்றுப் போகின்றது. பண்டை வடமொழி மருத்துவரான சுசுருதர் வல்மீகம் என்று ஒரு நோயைக் கூறுகின்றார். வல்மீகமாவது கறையான் புற்று. பல வாய்களையுடைய புற்றினைப் பார்த்தவர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும்.

1842-ஆம் ஆண்டில் மதுரை மருந்துச் சாலையில் பணி செய்த கில் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயை அரசாங்க அறிக்கையில் குறித்தார். நான்காண்டுகள் கழித்துக் கோல்புரூக் என்பவரும் அதே ஊரினின்று எழுதினார். மதுரையில் கண்டதால் மதுரைக்கால் ஆயிற்று. மதுரைக்கு மட்டும் உரிய நோய் என்று எவரும் கொள்ளற்க. காரணத்தைப் பற்றி மட்டும் ஒருவர்க்கும் தெளிவு ஏற்படவில்லை. எலும்புருக்கி என்றார் சிலர். தீநீர்க் கோளாறு என்றார் சிலர். ஒட்டுயிர் ஒன்று காரணமாகலாம் என்று 1855-ல் பாலிங்கால் என்பவர் ஐயுற்றார். அவ்வையம் ஐயமாகவே நின்றுவிட்டது. மருத்துவம் என்னவோ ஒன்றே: காலை வெட்டி எறிதல்.

இந்த நிலையில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவரே ஹென்ரி வான்டைக் கார்ட்டர். அவர் 1831-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் ஹென்ரி பார்லோ கார்ட்டர் நீர்வண்ண ஓவியத்தில் பெயர் பெற்றவர். கடலும் கப்பலும் தீட்டுவதில் வல்லவர். ஸ்கார்பரோ என்னும் கடற்கரையூரில் அவர் வாழ்ந்தார். புகழ்பெற்ற பிளெமிய ஓவியர் ஒருவரின் பெயரையே மகனுக்கும் இட்டார் எனின் அவரது விருப்பம் யாது என்று சொல்ல வேண்டுவதில்லை. தம்பியும் ஓவியரே ஆயினார். மூத்த மகனோ தூரிகையை விட்டு மருத்துவத்தை நாடி லண்டனுக்குச் சென்றார். ஆயினும் தந்தையார் வீட்டில் பழகிய கையும் கண்ணும் அவரை விட்டு நீங்கவில்லை.

லண்டனில் செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பயின்று, 1852-ல் இரண வைத்தியர் தகுதி பெற்றார். பின்னர் அரச இரண வைத்தியர் கல்லூரியில் மாந்தர் உடலையும் விலங்குகளின் உடலையும் ஒப்பிட்டு ஆராயும் மாணவராக இருந்தார். 1856-ல் எம்.டி. பட்டமும் கிட்டியது. அம்மருத்துவமனையில் உடற்கூறு கற்பித்தவர் ஹென்ரி கிரே. மாணாக்கர்க்குப் பயன்படத்தக்க ஒரு பெருநூல் இயற்ற அவர் எண்ணினார். எழுத்து கிரேயினுடையது, படங்கள் கார்ட்டருடையவை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் இருவரும் அருகருகே நின்று, கேட்பாரற்ற ஏழைகளின் சடலங்களை அறுத்து ஆராய்ந்தனர். கார்ட்டர் கண்டவற்றை மரக்கட்டையின் மீதே, அச்சில் நேராக வரும்பொருட்டு, இடவலம் மாற்றி வரைந்தார். நரம்பின் பெயர் நரம்பின் மேலேயே, எலும்பின் பெயர் எலும்பின் மேலேயே எழுதப்பட்டிருப்பது அப்படங்களின் தனிச்சிறப்பு. அந்நூல் 1858-ல் 363 படங்களுடன் வெளிவந்தது. அதுவே மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூல். நாற்பதுக்கு மேற்பட்ட பதிப்புகள் கண்டு இன்றும் அது வாழ்கின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாது செல்ல நமக்கு மனமில்லை. ஆயிரம் படி விற்குந்தோறும் கிரேக்கு நூற்றைம்பது பவுன் உரியது என்பது ஒப்பந்தம். கார்ட்டருக்கோ ஒரே முறை நூற்றைம்பது பவுன், அத்தோடு சரி. தலைப்புப் பக்கம் அச்சேறுமுன் திருத்தம் பார்த்த கிரே, தம் பெயருக்கு நிகரான எழுத்தில் கார்ட்டர் பெயர் நின்றதைக் கண்டு அதனைச் சிறிதாக்கச் சொன்னார். பம்பாயில் அவர் ஏற்றிருந்த பேராசிரியர் பதவியின் பெயரையும் அடித்துவிட்டார். கிரேயின் அறிவையும் உழைப்பையும் நாம் குறைத்துக் கூறவில்லை. அவர் 1861-ல் அம்மை கண்ட தம் உறவினர் சிறுவனுக்குப் பணிவிடை செய்து, தாமும் அம்மையுற்று இளம் வயதில் மாண்டார். ஆயினும் அந்நூலின் பெரும்புகழில் பாதி படங்களுக்குரியது என்பதில் ஐயமில்லை; அப்பாதியைப் பெறாதவர் ஒரு சொல்லும் வெளியிற் கூறாமல் கப்பலேறி விட்டார்.

1858-ன் தொடக்கத்தில் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து பம்பாயை அடைந்த கார்ட்டர், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறும் உடலியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். கல்லூரியை அடுத்துள்ள ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய் மருத்துவமனையிலும் அவருக்குப் பணி இருந்தது. அங்கே வெட்டி எடுக்கப்பட்ட கால்கள் அவர் மேசைக்கு வந்தன. மற்றவர் கால்களை வெட்டினர்; இவர் வெட்டிய கால்களையே மறுபடியும் அறுத்துப் பார்த்தார். எலும்பினூடே வளைகள், வளைகளிற் கரிய மணிகள், மணியை நசுக்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் பின்னிக் கிடக்கும் இழைகள். அவ்விழைகள் மாந்தர் உடலில் தோன்றுவன அல்ல, காளானின் இழைகள். நாம் உண்ணும் குடைக்காளான் அன்று. நனைந்த ரொட்டியிலும் பழந்தோலிலும் படரும் பூஞ்சணத்தின் இனம் அது. இக்காலத்தார் பூஞ்சை என்பர்.

1860-ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் அவரது கட்டுரை வெளிவந்தது. ஊரின் பெயரால் வழங்கிய நோய்க்குக் காரணத்தின் பெயரை இட்டு, காளான் கட்டி என்று பொருள்படும் மைசிட்டோமா என்னும் சொல்லைப் படைத்தார். ஊர்ப்பெயரை நீக்கினாரே என்று மதுரையார் வருந்த வேண்டியதில்லை. நோய் மதுரைக்கு அப்பாலும் பரந்திருப்பதை அவர் கண்டார். அதனாலேயே அவ்வாறு செய்தார். ஊர்ப்பெயரும் அழியாமல் வேறொரு வழியிற் பிழைத்துக் கொண்டது; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அக்கட்டுரையில் நாம் மிகவும் போற்றுவது வேறொன்று. கரிய மணியுடைய கால்களும் வெளிய மணியுடைய கால்களும் புறத்தோற்றத்தில் ஒன்றே போல்வன. அதே வீக்கம், அதே புரைகள், அதே சீழ். எளிதில் முடிவு கட்டும் ஒருவர், நிறம் சிறிது மாறினால் என்ன, நோய் ஒன்றே என்று எழுதியிருப்பார். கார்ட்டர் அங்ஙனம் செய்யவில்லை. கரியதனைக் கரியதென்றும் வெளியதனை வெளியதென்றும் தனித்தனி வைத்தார், தனித்தனியே வரைந்தார். கரிய மணியிற் காளான் இழைகள் தடித்துத் தெளிவாக இருந்தன. வெளிய மணியிலோ அத்தெளிவு இல்லை. இல்லாததை இருப்பதாக அவர் வரையவில்லை. கிரேயின் நூலுக்குப் படம் வரைந்த கை அது; கண் காணாததை அது தீட்டாது.

அவருக்கும் பிழை நேர்ந்தது. ஒரு காலினின்று எடுத்த பொருளில் இளஞ்சிவப்பான பூஞ்சணம் ஒன்று வளர்ந்தது. இதுவே நோய்க்குரிய காளான் என்று கருதப்பட்டது. இங்கிலாந்தில் பூஞ்சணங்களை ஆராய்வதில் தலைசிறந்த பெர்க்லி என்பவர் அதற்குக் கயோனிஃபே கார்ட்டரி என்று பெயர் சூட்டினார். பின்னர் எத்தனையோ பேர் முயன்றும் அச்செம்பூஞ்சணம் இந்நோயிலிருந்து மறுபடி கிட்டவேயில்லை. காற்றிலிருந்து தற்செயலாக வந்து விழுந்து முளைத்தது அது என்பது தெளிவாயிற்று. அதே காலத்துப் பம்பாயில் ஹென்ரி ஜான் கார்ட்டர் என்று மற்றொரு மருத்துவரும் இருந்தார். கடற்பஞ்சுகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அவரும் இந்நோயைப் பற்றி எழுதினார். இரு ஹென்ரி கார்ட்டர்களையும் ஒருவரென மயங்கினோர் இன்றும் உளர்.

1863 முதல் கார்ட்டர் சாதாரா நகரில் அரசாங்க மருத்துவராக ஏறக்குறைய பத்தாண்டு இருந்தார். இல்லறம் முதலில் அவருக்கு இனிதாக அமையவில்லை. அதனை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. அவரது நாட்குறிப்புகளை ஆராய்ந்தோர், தம்மைத் தாமே ஓயாது குறைகூறிக் கொள்ளும் இயல்பினர் அவர் என்பர். இத்தனிமை உழைப்பைக் கெடுக்கவில்லை. பெருக்கியது என்றே தோன்றுகின்றது. 1874-ல் மைசிட்டோமாவைப் பற்றிய அவரது முழு நூல் வண்ணப் படங்களுடன் லண்டனில் வெளிவந்தது.

மறு ஆண்டே மறுப்பு எழுந்தது. மறுத்தவர் எளியவர் அல்லர். கல்கத்தாவில் ஆராய்ச்சி புரிந்த லூயிசும் கன்னிங்ஹாமும் அக்கால இந்தியாவில் உருப்பெருக்கி கொண்டு ஆராய்வோருள் முன்னணியில் நின்றவர்கள். மாந்தர் இரத்தத்தில் யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் கண்டவர் அந்த லூயிஸ். காளான் நோயின் காரணமன்று, கெட்டுப்போன சதையிற் பின்னர் வந்து குடியேறியதாகலாம் என்பது அவர்கள் கட்சி. காளானைத் தனியே வளர்த்து, மறுபடி நோயை உண்டாக்கிக் காட்டினாலன்றி அவ்வையத்தை அறுக்க இயலாது. அதற்கேற்ற வழிவகைகள் அன்று எவரிடத்தும் இல்லை. கார்ட்டர் தம் கருத்தினின்று பின்வாங்கவில்லை, எதிரிகளைப் பழித்தாருமில்லை.

அவரது மற்றைய தொண்டுகளை விரைந்து கூறி விடுவோம். விடுப்பிற் சென்ற காலத்தில் நார்வே நாட்டுக்குப் போய்த் தொழுநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். ஹான்சன் என்பவர் அந்நோயின் கிருமியைக் கண்ட 1873-ஆம் ஆண்டை ஒட்டியது அச்செலவு. மீண்டபின் கத்தியவாரில் தொழுநோயாளரை ஆராய்ந்தார். 1877-ல் பஞ்சம் தலைவிரித்தாடிய பம்பாய்க்குப் பசியால் ஓடிவந்த மக்களிடையே மீள்காய்ச்சல் பரவியது. அந்நோயுற்றோர் இரத்தத்தில் சுருள்வடிவக் கிருமிகள் நெளிவதைக் கார்ட்டர் கண்டார். குரங்குகளுக்கு அக்காய்ச்சலை ஏற்றிக் காட்டினார். தாமும் அதற்கு ஆளாகி உயிர் பிழைத்தார். 1882-ல் அதைப் பற்றிய நூல் வெளிவந்தது. இந்திய மீள்காய்ச்சற் கிருமிக்குப் பின்னர் அவர் பெயர் இடப்பெற்றது. லாவரான் கண்ட மலேரியா ஒட்டுயிரை இந்தியாவில் முன்னதாகக் கண்டு எழுதியவர்களுள்ளும் இவர் ஒருவர்.

இவ்வளவுக்கும் இடையே மதுரைக்காலை அவர் மறந்தாரில்லை. மாடுகளின் தாடையில் கட்டியுண்டாக்கும் கதிர்க்காளான் என்னும் உயிரைப் பற்றி ஜெர்மானியர் எழுதியவற்றைப் படித்ததும், தாம் முன்பு ஒதுக்கி வைத்த வெளிய மணிகள் நினைவுக்கு வந்தன. 1886-ல் லண்டன் நோயியற் சங்க ஏட்டில் அவ்விரண்டின் ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. கால் நூற்றாண்டுக்கு முன் தெளிவில்லை என்று எழுதி வைத்த இடத்திற்கே மீண்டும் வந்து நின்றார்.

1888-ல் ஓய்வு பெற்று ஸ்கார்பரோவுக்குத் திரும்பினார். 1890-ல் மறுமணம் செய்து கொண்டார். இரு மக்கள் பிறந்தனர். விக்டோரியா அரசியாரின் கௌரவ மருத்துவர் வரிசையிலும் இடம் கிடைத்தது. 1897-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் எலும்புருக்கி நோயால் அவர் காலமானார்.

அவர் மறைவுக்கு முன்பே முடிச்சு அவிழத் தொடங்கியிருந்தது. 1894-ல் பிரெஞ்சுப் படை மருத்துவரான வின்சென்ட் என்பவர் அல்ஜீரியாவில் ஒரு நோயாளியின் வெளிய மணியிலிருந்து உயிரைத் தனியே வளர்த்து, அதன் பெயரில் மதுரையைச் சேர்த்தார். அதுவே இன்று ஆக்டினோமதுரா மதுரே எனப்படுவது. மதுரை அதில் இருமுறை வருகின்றது. அது காளானே அன்று. இழையாக வளரும் பாக்டீரியா. அதே 1894-ல் பாய்ஸ் என்பவரும் பம்பாயைச் சேர்ந்த சர்வேயர் என்பவரும் கரிய மணி உண்மையான காளானே என்று உறுதி செய்தனர். 1902-ல் லாவரான் அதற்கு இனப்பெயர் இட்டார். 1905-ல் புரும்ப்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதற்கென மதுரெல்லா என்னும் பேரினத்தை வகுத்தார். கார்ட்டர் நீக்கிய ஊர்ப்பெயர் இவ்வாறு மீண்டும் ஏறிக்கொண்டது. 1913-ல் பினோய் என்பவர் மைசிட்டோமா இருவகை, ஒன்று பாக்டீரியாவாலும் மற்றொன்று காளானாலும் வருவது என்று வரையறுத்தார். கார்ட்டர் நிறத்தால் பிரித்து வைத்த இரண்டும் பெரும்பாலும் அவையே.

கரிய மணிக் காளானுக்குள்ளேயே எத்தனை இனம் உண்டு என்னும் வினா மட்டும் எஞ்சி நின்றது. பூஞ்சணங்களை அவை ஈனும் வித்துத் துகளின் வடிவங்கொண்டே அறிஞர் இனம் பிரித்தனர். மதுரெல்லாவோ கிண்ணத்தில் வளர்த்தால் பெரும்பாலும் மலடாக இழையை மட்டுமே விடுவது. பூவும் காயும் காட்டாத செடியை இலை நிறங்கொண்டு இன்னதென்று சொல்லப் புகுவது போன்றது அதனை வகுத்தல். பழுப்பு நிறச் சாயம் விடுவது ஒன்று, சாம்பல் நிறமாய் வளர்வது மற்றொன்று என்று கண்டு, சாம்பல் நிறமுடையதற்கு 1949-ல் மதுரெல்லா கிரிசியா என்று பெயரிட்டனர். ஐம்பது ஆண்டுகள் அது அவ்வாறே வழங்கிற்று.

பின்னர் வந்தது மரபணுச் சான்று. இதனை விளக்குதற்கு நம் ஏட்டுச் சுவடிகளையே உவமை கொள்வோம். ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைத்தால், பதிப்பாசிரியர் ஓலையின் நிறத்தையும் கட்டுக்கயிற்றையும் பார்த்து அவற்றை இனம் பிரிப்பதில்லை. பெயர்த்தெழுதினோர் செய்த பிழைகளைப் பார்க்கின்றார். ஒரே பாட்டில் ஒரே சீர் ஒரே விதமாகப் பிழைபட்டிருக்கும் இரண்டு சுவடிகள் ஒரு தாய்ச்சுவடியினின்று வந்தவை என்று முடிவு செய்கின்றார். உயிர்கள் அனைத்தின் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நால்வகை எழுத்தாலாகிய சுவடி உண்டு. தலைமுறை தலைமுறையாக அது பெயர்த்தெழுதப்படுகையில் அரிதாக எழுத்து மாறுகின்றது. காளான்களில் ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே நிற்கும் ஒரு பகுதி அங்ஙனம் மாறுதற்கு இடங்கொடுப்பது. அதனைப் படித்து ஒப்பிட்டால் உறவும் பகையும் தெரிந்துவிடும். ஐ.டி.எஸ். எனப்படும் அப்பகுதியையே காளான்களுக்குப் பொதுவான அடையாளக் குறியாகக் கொள்ளலாம் என்று 2012-ல் பன்னாட்டு அறிஞர் கூடி முடிவு கூறினர்.

அச்சுவடியைப் பிரித்துப் படித்தபோது பெரியதொரு வியப்பு வெளிப்பட்டது. மதுரெல்லாவின் முதன்மை இனமாகிய மைசிட்டோமேட்டிஸ், சாணத்திலும் மட்கிய வைக்கோலிலும் வாழும் கீட்டோமியம் என்னும் பூஞ்சணத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்பல் நிறக் கிரிசியாவோ அக்குடும்பத்திற்கு எட்டாத தொலைவில், முற்றிலும் வேறொரு பெருவரிசையில் இருந்தது. ஒரே வகைக் கட்டியை உண்டாக்கிய இரண்டும் உறவினர் அல்லர். 2014-ல் அதற்கு டிரெமட்டோஸ்பேரியா கிரிசியா என்று புதுப்பெயரிட்டனர். மதுரையின் பெயர் அதனை விட்டு நீங்கியது. மறுபுறம், ஒன்றென்று எண்ணிய மைசிட்டோமேட்டிஸின் பக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும் வேறு இனங்கள் மறைந்திருந்ததும் தெரிந்தது. சூடோமைசிட்டோமேட்டிஸ், டிராப்பிகானா, ஃபஹாலி என்பன அவற்றின் பெயர்கள். கடைசியது சூடான் நாட்டில் இந்நோய்க்கே வாழ்வை ஒப்படைத்த இரண வைத்தியர் ஃபஹாலின் பெயரால் அமைந்தது.

பெயரை மாற்றி மாற்றி வைப்பதால் நோயாளிக்கு என்ன பயன் என்று நம் மாணவர் சிலர் கேட்கக் கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். பயன் காலின் அளவு பெரிது. பாக்டீரியாவால் வந்த மதுரைக்கால் டாப்சோன், கோட்ரைமாக்சசோல், அமிக்காசின் முதலிய மருந்துகளால் பெரும்பாலும் குணமாகும். கத்தி தேவைப்படுவது அரிது. காளானால் வந்ததற்கு அம்மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்தாலும் ஒரு பயனும் இல்லை. இட்ரகோனசோல் போன்ற காளான் மருந்தும் கத்தியும் சேர்ந்தே வேண்டும். அப்போதும் காலை இழப்போர் உளர். காளானிலும் இனத்துக்கு இனம் மருந்துக்கு அடங்கும் திறம் மாறுகின்றது. ஃபஹாலி ஆய்வுச்சாலையில் இட்ரகோனசோலுக்கு எளிதில் அடங்குவதில்லை. கரிய மணி கண்டால் காளான் என்று துணியலாம். வெளிய மணியோ பாக்டீரியாவும் ஆகலாம், சில காளான்களும் ஆகலாம். அங்கே கண் தோற்கின்றது. கார்ட்டர் தெளிவில்லை என்று நிறுத்தியதும் ஏறத்தாழ அங்கேதான்.

இந்தியாவில் வடமேற்கே ராஜஸ்தானப் பாலைப் பகுதியில் காளான் வகை மிகுதி. தெற்கே பாக்டீரிய வகை மிகுதி. ஆகவே மதுரையின் பெயர் கொண்ட காளான் மதுரைப் பக்கத்தை விட வேற்று நிலங்களிலேயே அதிகமாகக் குடியிருக்கின்றது. தமிழ்நாட்டில் ஓர் உழவர் வீங்கிய பாதத்துடன் வந்தால், அவர் கால் பிழைக்கும் வாய்ப்புப் பெரிது என்பது இதன் பொருள். மணியைச் சோதியாமல் காளான் என்று முடிவு கட்டாதிருந்தால்!

நோய் எங்கிருந்து வருகின்றது என்னும் கேள்விக்கும் மரபணுவே ஓரளவு விடை தந்துள்ளது. மண்ணில் அக்காளான் உண்டென்று எல்லாரும் கூறினர். வளர்த்துக் காட்டுதல் எளிதாக இல்லை. 2002-ல் சூடானின் மண்ணையும் முட்களையும் எடுத்து அவற்றில் காளானின் டி.என்.ஏ. உண்டா என்று தேடினர். மண் மாதிரிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் அது கிடைத்தது. முள் ஒன்றிலும் கிடைத்தது. உறவுக் காளான்கள் சாணத்தில் வாழ்வன ஆதலின், வீட்டருகே மாட்டுப் பட்டிகளைச் சூழ்ந்த முள்வேலியே இந்நோயின் இருப்பிடமோ என்று ஆராய்வாரும் உளர். சாணமும் முள்வேலியும் வெறுங்காலும் ஒருங்கே அமைந்த நம் சிற்றூர்களை நினைத்தால் இஃது எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. 2016-ல் உலகச் சுகாதார நிறுவனம் மைசிட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. கில் மதுரையில் கண்டெழுதி அப்பொழுது நூற்றெழுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கார்ட்டரின் பெயரைத் தாங்கிய செம்பூஞ்சணம் நூல்களினின்று மறைந்து போயிற்று. அவர் படைத்த மைசிட்டோமா என்னும் சொல் நிலைத்திருக்கின்றது. அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் லண்டனில் வெல்கம் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்து 2007, 2008 ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு ஆங்கில நூல்களின் பின்னரே, கிரேயின் படங்களை வரைந்தவர் யார் என்று மருத்துவர் பலரும் கேட்கத் தொடங்கினர்.